எல்லோருக்கும் திறந்த மெயில்

என் கணவர் அச்சுக்கடை நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருடைய சான்றிதழும் விண்ணப்பமும் எங்கள் கடை மெயிலுக்குத்தான் வரும். கவுண்டர் கம்ப்யூட்டரில் அது நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். வருகிறவர்கள் தங்கள் ஃபைலைத் தாங்களே தேடி பிரின்ட் கொடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருந்தார். வேண்டாம் என்றால், "எனக்கே பாடமா?" என்று எரிந்து விழுவார். கோபத்துக்கு மட்டும் இவரிடம் என்றைக்குமே பஞ்சமில்லை.

ஒரு நாள் காலை மெயில் திறக்கவில்லை. யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து போன் மேல் போன்.

"உங்க கடையிலேர்ந்து ஏதோ லிங்க் வருதே, தொறக்கலாமா?"

ஊராருடைய அடையாள அட்டையெல்லாம் எவன் கையிலோ. இவருக்கு முகம் செத்துப்போனது. அடுத்த கடைக்காரரின் கண்ணில் பட வெட்கப்பட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

கணக்கை மீட்க ஒரு வழிதான் இருந்தது. அதைத் தொடங்கியபோது கொடுத்த செல்போன் நம்பருக்குக் குறியீடு வரும். அந்த நம்பர் என் நாத்தனாருடையது. அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கடை இது. இவர் அடித்த ஒரு நோட்டீஸில் இருந்த பிழையை வாடிக்கையாளர் முன்னால் சொல்லிவிட்டார் என்று, "இனிமே கடைப் பக்கம் வராதே" என்று அக்காவை விரட்டியவர் இவர். அன்றோடு பேச்சு நின்றது.

"நீ கேளேன்" என்றார் என்னிடம்.

"சண்டை போட்டது நானா?"

வேறு வழியில்லாமல் இவரே போன் செய்தார். நாத்தனார் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. குறியீட்டைப் படித்துச் சொன்னார். "பாஸ்வேர்டு மாத்தினா மட்டும் போதாதுடா, நான் வர்றேன்" என்று கிளம்பி வந்தும் விட்டார்.

வந்தவர் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, கணக்கு எங்கெங்கே திறந்திருந்ததோ அங்கெல்லாம் மூடினார். "வேற எங்கயாவது கை வெச்சிருக்கானான்னு பாப்போம்" என்று செட்டிங்ஸைத் துழாவினார். அங்கே ஒரு விதி இருந்தது. நாத்தனார் அனுப்பும் மெயில் எதுவானாலும் நேராகக் குப்பைக்குப் போக வேண்டும்.

"பாவி! ரொம்ப நாளாவே உள்ள இருந்திருக்கான் போல. அதான் நீ ஒண்ணுக்கும் பதில் போடலயா? நான் உன்னைத்தான் தப்பா நெனச்சுட்டேன்டா."

சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். இவர் வாயை மூடிக்கொண்டு தப்பித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா... அது அவன் பண்ணல."

நாத்தனாரின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னக்கா எழுதியிருந்தே?" என்றார் இவர்.

"வேற என்ன? ஆளுங்க முன்னால நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுன்னுதான். ஒவ்வொரு தடவையும் அதையேதான்டா எழுதினேன்."