முன்காலில் ஒரு கயிறு

"மாட்டைப் பாத்திருக்கியா நீ? இது நொண்டுதே."

பாண்டிச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் அனிமேஷன் பயிற்சியில் இருந்தேன். பயிற்சி தருபவர் எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்டார். கணினித் திரையில் என் மாடு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிகளில் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரக்காணம் உப்பளத்துக்கு எதிரே பிறந்து, சாணி அள்ளிப்போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான். பாக்கெட் பாலில் வளர்ந்த மனுஷன் என்னிடம் கேட்கிறார், மாட்டைப் பார்த்திருக்கிறாயா என்று.

திங்கட்கிழமைக்குள் நடை சரியாகாவிட்டால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். நாலு கால் நடை லேசில்லை. பின்கால் ஊன்றியதும் அதே பக்கத்து முன்கால் எழ வேண்டும். எடை மாறும்போது தோள்பட்டை மேலே வர வேண்டும். எல்லாம் செய்திருந்தேன். கண்ணை மூடினால் தெரிகிற எங்கள் வீட்டு மாட்டை அப்படியே செய்திருந்தேன்.

பஸ் கூனிமேடு தாண்டியும் மனசுக்குள் அவரைத் திட்டி முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் போனை எடுத்துக்கொண்டு மாட்டின் பின்னால் நடந்தேன். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் கயிறு தெரிந்தது. மேயவிட்ட மாடு உப்புப் பாத்தியில் இறங்கி வரப்பை மிதித்துவிடும் என்று, எங்கள் பக்கம் கழுத்துக் கயிற்றை முன்காலோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். ஒவ்வொரு அடிக்கும் தலை கீழே இழுபடும். கட்டிய கால் பாதி தூரம்தான் போகும். வாலும் காதும் போல அந்தக் கயிறும் மாட்டோடு பிறந்தது என்றே நினைத்திருந்திருக்கிறேன். அவர் சொன்னது சரி என்று தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

குனிந்து கயிற்றை அவிழ்த்தேன்.

"ஏன் அவுக்கிற? பாத்தியில எறங்கிட்டா ஓனருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் அப்பா. அந்த உப்பளத்தில்தான் அவர் கூலிக்கு உப்பு வாருகிறார்.

"கொஞ்ச நேரம்பா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. மாடு பாத்திப் பக்கமே போகவில்லை. தலையைத் தாழ்த்தி, காலைக் குறுக்கி, கட்டியிருந்தபோது நடந்த மாதிரியே நடந்தது. தட்டினேன், விரட்டினேன். அதே நொண்டல். யார்மேல் என்று தெரியாத ஆத்திரத்தில் வெயிலில் நின்று அழுதேன்.

கடைசியில் அதன் கன்றைப் படம் பிடித்தேன். அதை இன்னும் கட்டியிருக்கவில்லை. அதன் நடையைப் பார்த்துப் பார்த்து, எடையைக் கூட்டி, கணினியில் இருந்த பெரிய மாட்டுக்கு வைத்தேன்.

"இதான் மாடு. ஜாயின் பண்ணிக்கோ" என்றார் திங்கட்கிழமை பயிற்சி தருபவர். முதலில் செய்ததும் மாடுதான் சார் என்று நாக்கு நுனி வரை வந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் அப்பா புதுக் கயிற்றோடு குனிந்திருந்தார். கன்று துள்ளிக்கொண்டிருந்தது.

"வேலை கெடச்சிடுச்சுப்பா."

"நல்லதும்மா. இத கொஞ்சம் புடிச்சிக்க. நேத்து பாத்தி வரப்புல ஏறிடுச்சு."

அந்தக் கயிற்றைப் பிடுங்கி ரோட்டில் வீசத்தான் கை போனது. வரப்பு உடைந்தால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அதுவும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கன்றின் கழுத்தை இறுக்கிப் பிடித்தேன். அப்பா முடிச்சுப் போட்டார்.