முகம் மட்டும் என்னுடையது

அமைச்சகத்தில் என் பக்கத்து செக்‌ஷனில் வேலை பார்க்கும் பஞ்சாபிப் பெண், ஒருநாள் காலை என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "தீதி, பெஹலே பைட் ஜாவோ" என்று முதலில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

படத்தில் உடையில்லாமல் ஒரு பெண் இருந்தாள். முகம் என்னுடையது. எந்த நாளின் முகம் என்றுகூட எனக்குத் தெரிந்தது. எங்கள் குடியிருப்பில் நடந்த பொங்கல் விழாவில் மைக் முன்னால் நின்றபோது, முன்வரிசையில் யாரோ ஏதோ சொல்ல, அதற்குச் சிரித்த சிரிப்பு அது. கழுத்துக்குக் கீழே இருந்தது வேறு யாருடையதோ, அல்லது யாருடையதும் இல்லை. படத்தின் அடியில் என் பெயரும் குவார்ட்டர்ஸ் எண்ணும் இருந்தன. போனைக் கொடுத்தவளுடைய கொழுந்தன் எங்கள் குடியிருப்பில்தான் இருக்கிறான். அங்குள்ளவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் முந்தைய நாளே வந்துவிட்டதாம்.

நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். பாதியில் விட்டிருந்த குறிப்பை எழுதி முடித்தேன். அதை ஏன் முடித்தேன் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். மதியத்துக்குள் மேலே போக வேண்டிய கோப்பு அது, வேறு காரணம் எதுவும் இல்லை.

டெல்லியில் மோதி பாக் பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் பாதுகாப்புத் துறையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். இருவருக்கும் போனில் சொன்னேன். இருவரும் எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். கணவர் குழுவில் இருந்த படத்தை அழிக்கச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். மகள் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, யாரையும் டெலீட் பண்ணச் சொல்லாத! ப்ரூஃப் போயிடும். அம்மா, மொதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடு. யாரு அனுப்பினது, எந்த நம்பர், எல்லாம் தெரியணும். ஜல்தி."

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் படிக்க வராது, பேச்சிலும் இந்தி பாதி. ஆனால் அன்று வீட்டில் நிதானமாக இருந்தவள் அவள்தான். அதே படம் ஒரு சமூக வலைத்தளத்திலும் போலிக் கணக்கு ஒன்றில் இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். குழுவில் போட்டவரும் அங்கிருந்து எடுத்ததாகத்தான் சொன்னார். அந்த நிறுவனத்துக்குப் புகார் தட்டினோம். எங்கள் விதிகளுக்கு எதிராக இதில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. மனிதர் யாரும் பார்த்து எழுதிய பதிலாக அது தெரியவில்லை.

மறுநாள் காவல் நிலையம் போனோம். புகாரை எழுதிக்கொண்டவர் ஹரியானாக்காரப் பெண் சப் இன்ஸ்பெக்டர். அநாவசியப் பேச்சு இல்லாதவர். படத்தைப் பார்த்துவிட்டு, இது நீங்கள்தானா என்று இந்தியில் கேட்டார். முகம் என்னுடையது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். அதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"மேடம், இது இவளே இல்லை. இவளுக்குப் பிரசவ ஆபரேஷன் தழும்பு இருக்கிறது. இந்தப் படத்தில் பாருங்கள், தழும்பே கிடையாது."

அவருடைய இந்தி நல்ல இந்தி. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. பர்ஸ் தொலைந்ததாகப் புகார் கொடுக்க வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த மனிதர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த வாக்கியத்தையும் டைப் செய்தார். படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒருமாதிரி மரத்துப்போனதே தவிர வெட்கம் வரவில்லை. அந்த அறையில்தான் வந்தது.

என் தோழி ஒருத்தி ஒரு வக்கீலின் விலாசம் கொடுத்திருந்தாள். நாகர்கோவில் பெண், முப்பதுகளில் இருப்பார். கரோல் பாக்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை. முதல் தகவல் அறிக்கையின் நகலை நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தத் தழும்பு விஷயம் யாரு சொன்னது?"

"நாந்தான்" என்றார் கணவர்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீலு இதையே பிடிச்சுக்கிட்டு, தழும்பு எங்க இருக்கு, எவ்வளவு நீளம்னு அக்காட்ட கேப்பாரு. நம்ம கையால நாமளே எதுக்குக் குடுக்கணும்?"

"பொய்ப் படம்னு நிரூபிக்கணுமில்லா?"

"வேண்டாம். படம் நிஜமா இருந்தாலும் குத்தம்தான், ஒட்டுப் போட்டு செஞ்சதா இருந்தாலும் குத்தம்தான். சம்மதம் இல்லாம இந்த மாதிரி ஒண்ண பரப்பினானா, அவ்வளவுதான் கேள்வி. அக்கா, ஒங்க ஒடம்பப் பத்தி நீங்க யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். போலீசுக்கும் வேண்டாம், ஜட்ஜுக்கும் வேண்டாம்."

பிறகு என்னென்ன வழி இருக்கிறது என்று சொன்னார். காவல் துறை ஆளைப் பிடிக்கும். அது தன் வேகத்தில்தான் நடக்கும். படம் இறங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு பெரிய தளத்திலும் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவரே எழுதினால், ஒட்டுப் படமாக இருந்தாலும், விதிப்படி ஒரு நாளைக்குள் இறக்க வேண்டும். நாங்கள் தட்டியது பொதுப் புகார்ப் பொத்தான். எழுத வேண்டிய இடமே வேறு. அதற்கும் மசியவில்லை என்றால், அல்லது படம் பல இடங்களுக்குப் போய்விட்டால், உயர் நீதிமன்றம்.

"கோர்ட்டுன்னா பேரு வெளிய வருமே" என்றேன்.

"வராது. பேர மறைக்கச் சொல்லி மனுவோட சேத்தே கேட்டுக்கிடலாம். வழக்குப் பட்டியல்ல ஒரு எழுத்து மட்டும்தான் இருக்கும்."

வக்கீல் எழுதிக் கொடுத்த கடிதத்தை என் பெயரில் அந்த அலுவலருக்கு அனுப்பினேன். மறுநாள் படம் அந்தத் தளத்தில் இல்லை. ஆனால் அதற்குள் வேறு இரண்டு தளங்களுக்குப் போயிருந்தது.

கரோல் பாக்கிலிருந்து திரும்பிய அன்று வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கணவர் சொன்னார்:

"உனக்காகத்தான அப்படிச் சொன்னேன். நாலு பேரு உன்னைய தப்பா நினைச்சிரக் கூடாதுன்னுதான்."

"எனக்காகச் சொல்லல. உங்களுக்கு நிம்மதி வேணும்னு சொன்னீங்க."

"இதுல என்ன நிம்மதி?"

"படத்துல இருக்கது நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி. அது நிஜமாவே என் படமா இருந்து, யாரோ திருடிப் போட்டிருந்தா, அப்ப ஸ்டேஷனுக்கு எங்கூட வந்திருப்பீங்களா?"

அவர் நல்ல மனிதர். யோசித்துப் பதில் சொல்கிறவர். காப்பி ஆறும்வரை யோசித்துவிட்டு, "வந்திருப்பேன். ஆனா அன்னைக்கே வந்திருப்பேனான்னு தெரியல" என்றார். அந்தப் பதிலை நான் மதித்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே அவர் தனியாகக் காவல் நிலையம் போய், தழும்பைப் பற்றித் தான் சொன்னதற்குப் புகாரில் இடமில்லை என்று இன்னொரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

உயர் நீதிமன்ற விசாரணையை வீட்டில் மகளின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். நான் நேரில் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. வக்கீல் பேசினார், அரசுத் தரப்பில் ஒருவர் ஆட்சேபம் இல்லை என்றார், நீதிபதி ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்ல, யாரோ எழுதிக்கொண்டார்கள். குறிப்பிட்ட முகவரிகளில் இருக்கும் படத்தை இறக்க வேண்டும், இதே படம் வேறெங்கு வந்தாலும் தெரிவித்த உடனே எடுக்க வேண்டும், தேடுபொறிகளில் காட்டக் கூடாது, போலிக் கணக்கைத் தொடங்கியவரின் விவரங்களைக் காவல் துறைக்குக் கொடுக்க வேண்டும். உத்தரவில் என்னை மனுதாரர் என்று எழுதியிருந்தார்கள். அதைப் பலமுறை படித்தேன். அதில் ஒரே ஒரு இடத்தில், மனுதாரரின் கண்ணியம் என்று இருந்தது. அலுவலகத்தில் நானே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கும் சொல்தான்.

கணக்கின் விவரங்கள் வந்ததும் சப் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டார். தெரியும். எங்கள் பிளாக்கிலேயே தரைத்தளத்தில் இருக்கும் திருச்சிக்காரர், வேறொரு அமைச்சகத்தில் அதிகாரி. பொதுவான நடைபாதையை இரும்புக் கிராதி போட்டு அடைத்துத் தன் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளராக நான் பராமரிப்பு அலுவலகத்துக்கு எழுத, அவர்கள் வந்து கிராதியை அறுத்தெடுத்துப் போனார்கள். அதன்பிறகு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. பெரிய பகை ஏதாவது இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். இல்லாதது ஏமாற்றம்போல இருந்தது. இந்தப் படத்தைச் செய்வதற்குப் பெரிய சாமர்த்தியமும் வேண்டாம், போனில் ஒரு ஆப் போதும் என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அந்தத் திருச்சிக்காரரைக் கைது செய்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி வந்தாள். என்னைவிடச் சிறியவள், பொங்கல் விழாவில் என்னோடு கோலம் போட்டவள். மகளை உள்ளே போகச் சொன்னேன். அவள் போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, ஏதோ கோவத்துல பண்ணிட்டாரு. பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம். அது நீங்க இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்க்கா. யாருமே நம்பல."

"நம்பலைன்னா சரியாப் போச்சாம்மா?"

அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எப்படி மறுப்பது என்று மனத்துக்குள் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை.

"போலீசு அவரு போன எடுத்துட்டுப் போச்சு இல்லக்கா. நேத்து என்னயக் கூப்புட்டுக் காட்டுனாங்க, யாரு யாருன்னு தெரியுதான்னு. ஒங்களோடது மட்டும் இல்ல." டம்ளரைக் கீழே வைத்தாள். "என் தங்கச்சி இருக்காக்கா அதுல. எங்க வீட்டு விசேஷத்துல எடுத்த படம்."

என் மகள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே யாரோ காய்கறி வண்டிக்காரனைக் கூப்பிட்டார்கள்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றேன்.

"இன்னும் சொல்லல. சொன்னா என் குடும்பம் என்னாகும்க்கா? சொல்லாமயும் இருக்க முடியல. ராத்திரி அவகிட்டப் போன்ல பேசறேன், கொழந்த எப்படி இருக்குன்னு கேக்கறேன், வச்சிடறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.  கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த வக்கீலம்மா நம்பர் இருந்தா குடுங்கக்கா" என்றாள். மகள் அவள் போனை வாங்கி எண்ணைப் பதிந்து கொடுத்தாள்.

தங்கை திருச்சியிலிருந்து வந்து வாக்குமூலம் கொடுத்தாள் என்று வக்கீல் சொல்லித் தெரிந்தது. அவளும் வழக்கில் இப்போது ஒரு எழுத்து. அந்த மனிதரை அலுவலகத்தில் சஸ்பெண்ட் செய்தார்கள். ஜாமீனில் இருக்கிறார். எங்கள் குடியிருப்புக்குள் வரக் கூடாது என்பது நிபந்தனை. மனைவியும் பெண்ணும் பொருட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். குற்றப் பத்திரிகை தாக்கலாகிவிட்டது.

படம் எப்போதாவது வெளிநாட்டுத் தளம் எதிலாவது தலைகாட்டும். உத்தரவின் நகலை இணைத்து எழுதுவேன், சிலர் உடனே எடுப்பார்கள், சிலரைத் துரத்த வேண்டியிருக்கும். முதலில் மகள் செய்துகொண்டிருந்த வேலை அது. அவள் பார்க்க வேண்டாம் என்று நானே எடுத்துக்கொண்டேன். கரண்டு பில் கட்டுவதுபோல அதுவும் மாதத்தில் ஒரு வேலை.

இந்த வருடம் சங்கத் தேர்தலில் நிற்கவில்லை. பயந்து ஒதுங்கிவிட்டதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். பராமரிப்பு அலுவலகத்தோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது, அதுதான் விஷயம். சாட்சி சொல்ல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டிருக்கிறேன்.