காகித மலைகள் வளர்ந்த அறை

ஊறிய செய்தித்தாளும் அரைத்த வெந்தயமும் கலந்த வாசனை... எங்கே வந்தாலும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும்.

அறை என்று சொல்வது மரியாதைக்குத்தான். எங்கள் யூனிவர்சிட்டியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஷெட் அது. அதைக் கழுவி, வெள்ளையடித்து, "மலைப்பகுதி ஆய்வு மையம்" என்று ஒரு போர்டும் மாட்டினார் ஸ்டெல்லா மேடம். மையத்தின் தலைவர் அவர். உதவியாளர், கிளார்க், டீ வாங்கி வருகிற ஆள் எல்லாம் இந்தச் செல்விதான். எம்.ஏ. முடித்த கையோடு அவனியாபுரத்தில் இருந்து பஸ் மாறி பஸ் மாறிப் போவேன்.

போர்டு இருந்ததே தவிர அனுமதி இல்லை. சென்னையில் இருந்து கமிட்டி வந்து பார்த்துச் சரி என்றால்தான் மையம். இல்லையென்றால் நாற்காலிகள் திரும்பி வந்துவிடும்.

மேடத்துக்கு அடுத்த கோடையில் ரிட்டயர்மென்ட். மலைமேல் ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களுக்கு, வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்தே நடந்து போய் வந்தவர். ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது, உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித்தான் கீழே தூக்கி வர வேண்டும். தான் போன பிறகும் யாராவது அங்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும்... அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

எல்லோரும் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். மதுரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு என்ன ஆராய்ச்சி? கமிட்டியும் அதையேதான் கேட்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டலாம் என்றார் மேடம். மேப்பைப் பார்த்துக் காகிதக் கூழில் மொத்த மலைத்தொடரையும் செய்வது என்று முடிவானது. பூச்சி அரிக்காமல் இருக்க வெந்தயம். மழை மாதம் வேறு... கூழ் லேசில் காயாது. ஃபேன் போட்டால் மேப் பறக்கும். ரெண்டு பேரும் பேசாமல் பிசைந்துகொண்டே இருப்போம். கொஞ்சம் கொஞ்சமாக டேபிள்மேல் மலை எழுந்து வரும்.

சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சரிந்து விழும். காகிதச் சிகரங்கள் மஞ்சளாகும். பள்ளத்தாக்கில் நிழல் மெல்ல ஏறும். அந்த நிழலுக்குள் விரல் வைத்து, இந்நேரம் இந்த ஊரில் விளக்கேற்றியிருப்பார்கள் என்பார் மேடம். வெளியே, மழை விட்ட நாளில் மட்டும், நாகமலைக்கும் அப்பால் நிஜ மலை ஒரு நீலக் கோடாகத் தெரியும். எது நிஜம், எது காகிதம் என்று எனக்கே குழம்பும். அந்த மாதம் முழுக்க நான் மதுரையில் இருந்ததாகவே தோன்றவில்லை.

பெயின்ட் அடிக்க சிம்மக்கல்லில் இருந்து பாண்டியண்ணன் வந்தார். கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர், நல்ல கை. கமிட்டி வருவதற்கு முந்தின நாள் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

காலையில் கதவைத் திறந்தால்...

ஒவ்வொரு சிகரத்திலும் ஒரு குட்டி தெர்மாகோல் கோபுரம். அடிவாரத்தில் இருந்து உச்சிவரை வெள்ளையும் காவியுமாகப் படிக்கட்டு. ஒரு மலையில் வேல்கூட நட்டிருந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாண்டியண்ணன் பாராட்டை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"மலைன்னா உச்சில சாமி இல்லாமயா தங்கச்சி? மொட்டையாத் தெரிஞ்சுச்சு... அதான் வச்சுவிட்டேன்."

அவரைச் சொல்லி என்ன? குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். பிளேடு வைத்துக் கோபுரங்களைப் பெயர்த்தோம். பெயின்டும் சேர்ந்து உரிந்துவந்து, உச்சியெல்லாம் வெள்ளைத் திட்டு. அதற்குள் கார் வந்துவிட்டது.

கமிட்டித் தலைவர் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கத்து மலையில் பனி பெய்யுமா என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மூடுபனி என்று ஏதாவது சொல்லி மேடம் சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ குப்பைக்கூடையில் கிடந்த கோபுரங்களை அள்ளி டேபிள்மேல் வைத்து, நடந்ததை அப்படியே சொன்னார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"எங்க ஊர்ல மலைன்னா சாமி சார். ஏறுவோம், கும்புடுவோம், எறங்கிருவோம். மேல மனுசங்க இருக்காங்களான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அதைக் கேக்கத்தான் இந்த சென்டர். கேக்காத எடத்துலதான அது இருக்கணும்?"

தலைவர் ஒரு கோபுரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அனுமதி வந்தது... மேடம் ரிட்டயர் ஆன அதே மாதத்தில்.

இப்போது ஷெட் இருந்த இடத்தில் மாடிக் கட்டிடம். இதைப் படிக்கிற உங்களில் சிலர் அங்கே வந்திருக்கலாம். பெரிய ஸ்கிரீனில் விரலை வைத்தால் சாட்டிலைட் மலை சுற்றிச் சுற்றி வருகிறது. அதே சென்டரில் நான் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் வசதிதான். ஆனால் ஏசிக்காக ஜன்னல்கள் மூடியே கிடக்கின்றன. மழை விட்டால் எழுந்து போய் மேற்கே பார்க்கிற ஆள் இல்லை. கையில் ஒட்டாமல் மலை செய்துவிட முடிகிறது... எனக்குத்தான் கை பரபரக்கிறது.

போன வாரம் எங்கள் மாணவி ஒருத்திக்கு பிஎச்.டி. வைவா. டோலி கட்டித் தூக்கி வருகிற அந்த ஊர்களில் ஒன்றில் பிறந்த பெண். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்த முதல் ஆள். முடித்துவிட்டு ஊருக்கே போய்விடுவீர்களா என்று தேர்வாளராக வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார்.

"போவேன், வருவேன் சார். ஆனா வேலை இங்கதான். மேல நாங்க இருக்கோம்னு கீழ நின்னு சொல்ல எங்க ஆளு ஒருத்தர் வேணும்ல?"

ஹாலை விட்டு வெளியே வந்ததும் ஸ்டெல்லா மேடத்துக்கு போன் போட்டேன். டி. கல்லுப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். நடை தளர்ந்துவிட்டது, மலை ஏறி வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பெண் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"சத்தமாச் சொன்னாளா செல்வி?"

"சத்தமாத்தான் சொன்னா மேடம்."