அக்கா கொடுத்த போன்

அந்த போனை எனக்குக் கொடுத்தது கூடப்பிறந்த அக்கா. யாரோ ஒரு கடைக்காரர் தலையில் கட்டியிருந்தால் நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

அப்போது நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூட வேனில் வேலை பார்த்தேன். ஓட்டும் வேலை இல்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, தலை எண்ணுவது, சின்னதுகளின் பையை வாங்கி வைப்பது, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் அதட்டுவது. வீடு வடலூரில். கணவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. காலை ஆறேகாலுக்கு வேன் எங்கள் தெருமுனைக்கு வந்துவிடும். சேத்தியாத்தோப்பு ரோட்டில் இருக்கும் ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திரும்ப வடலூர் வழியாக டவுன்ஷிப் போய்ச் சேர்வோம். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவோம்.

இந்த வேலைக்குப் படிப்பு கேட்கவில்லை, போன் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். எல்லாப் பெற்றோரிடமும் என் நம்பர்தான் இருந்தது. "இன்னைக்கு பாப்பா வரலங்க", "வேன் எங்க வந்துகினு இருக்கு?", "தம்பிய அவங்க சித்தப்பாகிட்ட விட்டுடுங்க" என்று அடித்துக்கொண்டே இருக்கும். என்னிடம் இருந்த பழைய போன் மதியத்துக்குள் செத்துவிடும். பள்ளியில் டீச்சர்கள் உட்காரும் அறையில் சார்ஜ் போட்டு வைப்பேன். யாராவது அதைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் போனைச் சொருகியிருப்பார்கள். கேட்க முடியாது.

அதனால் ஒரு புது போன் வாங்குவது என்று முடிவு செய்து ஏழெட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். கையில் பணம் சேர்ந்ததும் மூன்று வாரம் வடலூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். போன கடையில் எல்லாம் கேமராவைத்தான் முதலில் காட்டினார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், "உங்களுக்கு என்னா வேணும்னு சொல்லுங்க முதல்ல" என்றார்.

"காலைல ஆறு மணிக்கு எடுத்தா சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் உசுரோட இருக்கணுங்க. அவ்ளோதான்."

அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி நம்பரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது, திரை பெரிசாகவும் பளிச்சென்றும் இருந்தால் அந்தப் பேட்டரியையும் அது குடித்துவிடும் என்றார். சிக்னல் குறைவான ரோட்டில் ஓடினால் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் போகும் என்றார். எங்கள் ரோட்டில் பாதி தூரம் அப்படித்தான். கடைசியில் பார்க்கச் சாதாரணமான, கனமான ஒரு போனை எடுத்துக் காட்டினார். எனக்குப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எதை வாங்குவதாக இருந்தாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்வது என் பழக்கம். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அக்காவைக் கட்டிய மாமா அதே மைன்ஸில் பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பிறகு பர்மனென்ட் ஆனார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் குழாயைத் திறந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்த முதல் வீடு அவளுடையது. அவளுக்குத் தெரியாதது இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும், "அந்தக் கம்பெனி போனா? அதெல்லாம் ஒரு போனாடி?" என்றாள். பிறகு உள்ளே போய்த் தன் போனைக் கொண்டுவந்தாள். "மாமா எனக்குப் புதுசு எடுத்துக் குடுத்துட்டாரு. இத நீ எடுத்துக்க. ஒரு வருஷம் கூட ஆவல. ரெண்டு நாளைக்கு சார்ஜே போட வேணாம்."

நல்ல கம்பெனி போன். நான் சேர்த்த பணத்துக்கு அந்த மாதிரி புதிதாகக் கிடைக்கவே கிடைக்காது. பூப்போட்ட கெட்டியான கவர் போட்டிருந்தது.

"சும்மா வாங்கிக்கினா உனக்கே ஒரு மாதிரியா இருக்கும். சேத்து வச்சிருக்கறத குடுத்துடு" என்றாள்.

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பையில் வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது, "அந்தக் கவரக் கழட்டாத, புழுதி பூந்துடும்" என்று வாசல்வரை வந்து சொன்னாள். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் வாரம் போன் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சூடாக ஆரம்பித்தது. இடுப்பில் சொருகினால் புடவையைத் தாண்டிச் சுடும். சார்ஜ் முப்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டே அணைந்துவிடும். திரும்பப் போட்டால் இருபத்தெட்டு என்று காட்டும். நான் ஏதோ தப்பாக அழுத்துகிறேன் என்று நினைத்தேன். அக்கா இத்தனை நாள் வைத்திருந்த போன் என் கையில் வந்து கெட்டுப்போகிறதே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் அவளிடம் சொல்லவில்லை. ராத்திரி என் பையன் அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தலைமாட்டில் வைத்துத் தூங்கிவிடுவான்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள் சாயங்காலம், வடலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேன் நின்றுவிட்டது. உள்ளே ஏழு பிள்ளைகள். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, மெக்கானிக் போன் எடுக்கவில்லை, நேரில் போய்க் கூட்டிவந்தால்தான் ஆகும் என்றார். ஒரு பைக்கை நிறுத்தி ஏறிக்கொண்டே, "உன் போனு இருக்குல்ல, பெத்தவங்க கூப்ட்டா சொல்லிடு" என்றார். எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு இருந்தது. "இருக்குண்ணே, நீங்க போங்க" என்றேன்.

பெற்றோர் குரூப்பில் மெசேஜ் அடிக்கத் தொடங்கினேன். 'வேன் ரிப்பேர், பிள்ளைகள் பத்திரமாக' என்பதுவரை அடித்திருப்பேன். திரை கறுத்துவிட்டது. பட்டனை அழுத்திப் பிடித்தேன். கம்பெனி பேர் வந்தது, போனது. மறுபடி அழுத்தினேன். அதுவும் வரவில்லை.

மழை வேனின் கூரையில் கொட்டுகிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. யூகேஜி படிக்கும் ஒரு பெண் குழந்தை அம்மா வேண்டும் என்று அழ ஆரம்பித்ததும் மற்ற சின்னதுகளும் சேர்ந்துகொண்டன. ரோட்டில் இறங்கி நின்று கை காட்டினேன். ஒரு பெரியவர் மொபெட்டை நிறுத்தித் தன் போனைக் கொடுத்தார். வாங்கிய பிறகுதான் உறைத்தது, எனக்கு யார் நம்பரும் தெரியாது. அத்தனையும் செத்துப்போன போனுக்குள் இருந்தன. மனப்பாடமாகத் தெரிந்தது அக்காவின் நம்பர் ஒன்றுதான்.

அவள் எடுத்தாள். "அக்கா, வேன் நின்னுபோச்சு. போன் ஆஃப் ஆயிடுச்சுக்கா, நாப்பத்தாறு இருந்துச்சு, திடீர்னு..."

"இன்னுமா அப்பிடிப் பண்ணுது?" என்றாள்.

மழைச் சத்தத்தில் அதை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொல் என்றேன். சொல்கிறேன் என்றாள், சொல்லவும் செய்தாள். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் பள்ளியிலிருந்து செய்தி போவதற்குள் வீடுகளில் முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. என் நம்பருக்கு அடித்து அடித்து, சுவிட்ச் ஆஃப் என்று கேட்டுக்கேட்டு, வேனுக்கு விபத்து என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பைக்குகளில் நனைந்துகொண்டே வந்தார்கள். அந்த யூகேஜி குழந்தையின் அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார். "ஏழு கொழந்தைங்கள வச்சிக்கினு போன ஆஃப் பண்ணிட்டு ஒக்காந்திருக்க. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

நான் போனை எடுத்துக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை.

மறுநாள் பள்ளியில் விளக்கம் சொன்னேன். "போன்ல சார்ஜ் வச்சிக்கறதுதாம்மா உன் வேலை" என்றார் பொறுப்பில் இருந்தவர். வேனில் வேறு ஒரு பெண்ணைப் போட்டார்கள். என்னை வகுப்பறைகளைக் கூட்டச் சொன்னார்கள். காலையில் பஸ் பிடித்துப் போய் இறங்கும்போது, அந்த வேன் வந்து நிற்கும். சின்னதுகள் இறங்கும்போதே என்னைப் பார்த்துக் கை ஆட்டும்.

அந்த வாரக் கடைசியில் வடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் செய்பவரிடம் போனேன். நாற்பது வயதிருக்கும், வாயில் பாக்கை அதக்கிக்கொண்டே வேலை செய்வார். கவரைக் கழற்றினார். போனின் முதுகு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, நகம் போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அதை நான் அன்றுதான் பார்த்தேன். சூடு காட்டி மெதுவாகப் பிரித்ததும் உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவில் ஒரு தேதி எழுதியிருந்தது.

அவர் பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். "இது என் கையெழுத்துங்க."

எனக்குப் புரியவில்லை.

"நான் மாத்திக் குடுத்த பேட்டரிங்க இது. ஒரிஜினல் கெடைக்கல, வெளி பேட்டரிதான் போட்டேன். அது உப்பிகினு வந்துச்சு. மறுபடி கொண்டாந்தாங்க ஒரு அம்மா. குவார்ட்டர்ஸ்லேர்ந்து வருவாங்க, கண்ணாடி போட்டிருப்பாங்க. நான் தெளிவாச் சொன்னேங்க, இத வச்சிருக்காதீங்க, வெடிச்சாலும் வெடிக்கும்னு. சரி, தூக்கிப் போட்டுர்றேன்னு சொல்லி வாங்கிக்கினு போனாங்க. நீங்க அவங்களுக்கு என்னா வேணும்?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

எத்தனை மாதத்துக்கு முன்பு என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கணக்குப் போட்டால், அக்கா எனக்குக் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பு. போன் வாங்கி ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷம் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். அப்போதுதான் மழையில் கேட்ட அந்த 'இன்னுமா' என் மனதில் வந்து விழுந்தது. போனை மூட வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்தே பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா ஷிப்டுக்குப் போயிருந்தார். அவள் கொல்லைப்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போனை அப்படியே பிரித்த நிலையில் துவைக்கிற கல்லின்மேல் வைத்தேன்.

ஒரு பார்வைதான் பார்த்தாள். என்ன இது என்று கேட்கவில்லை.

"தெரிஞ்சேதான் குடுத்தியாக்கா?"

துணியை மடித்துக்கொண்டே, "சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா?" என்றாள்.

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. மறுப்பாள், அழுவாள், ரிப்பேர்க்காரரைத் திட்டுவாள் என்று பஸ்ஸில் என்னென்னவோ யோசித்து வந்திருந்தேன்.

"எம்புள்ள அத தலைமாட்டுல வச்சிக்கினு தூங்கினான்க்கா. வெடிச்சிருந்தா?"

"வெடிக்கலல்ல."

"வேன் வேல போச்சு."

"வேல போவலையே, உள்ளதான போட்டிருக்காங்க." அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. துணிக்கூடையைக் கீழே வைத்தாள். "எங்கையில ஒரு ரூபா கெடையாதுடி. பர்மனென்ட் பொண்டாட்டின்னு ஊரே சொல்லுது. பத்து ரூபா வேணும்னாலும் அந்த ஆளுகிட்ட எதுக்குன்னு சொல்லி வாங்கணும். நீ பணம் சேத்து வச்சிருக்கேன்னு சொன்ன. எனக்குன்னு கொஞ்சம் வச்சிக்கலாம்னு தோணிச்சு."

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மாமாவின் குணம் ஊருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் அந்தப் பணத்தை அவளுக்குச் சும்மாவே கொடுத்திருப்பேன், பழைய போனோடு இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். போனை அந்தக் கல்லின்மேலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். காபி குடித்துவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை.

மறுபடி பணம் சேர்க்க ஒன்பது மாதம் ஆனது. இந்த முறை யாரிடமும் சொல்லாமல் போனேன். அதே கடைக்காரர்தான். முன்பு பார்த்த மாடல் வருவது நின்றுவிட்டது என்றார். பரவாயில்லை, இப்போது எனக்கே கேட்கத் தெரியும். நாளைக்குப் பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் ஒரிஜினல் கடலூரிலாவது கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டேன். எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும் என்று கேட்டேன். பெட்டி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். கவர் வேண்டுமா என்றார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற கவர் இருந்தால் கொடுங்கள் என்றேன்.

அக்காவும் நானும் பேசாமல் ஆகிவிடவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று பார்த்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு விஷயம் தெரியாது. போன ஆனி மாதம் அவளே கூப்பிட்டாள். என் வீட்டுக்காரரையும் பையனையும் விசாரித்துவிட்டுச் சொன்னாள்.

"பெரியவ காலேஜ் போறா. போன் வாங்கணும். எது வாங்கறதுன்னு தெரியல. நீதான் பாத்து வாங்கறவ, சொல்லேன்."

அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். "இருக்கியாடி?" என்றாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி நம்பரைப் பார்த்து ஏமாறாதே, ஹாஸ்டலில் சார்ஜ் போட இடம் கிடைக்காது, சீக்கிரம் ஏறுகிறதா என்று பார், கூட வரும் சார்ஜரையே போடச் சொல், பழசு எதுவும் எடுத்துவிடாதே. அரை மணி நேரம் பேசினேன். அவள் நடுவில் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பழசு எடுக்காதே என்றபோது மட்டும் அந்த "ம்" வரவில்லை.

போனை வைத்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குக் கொல்லையில் நின்றபோது வந்ததைவிட அதிகமாக வந்தது. அவளிடம் ஒரு பொய் சொல்லக்கூட என்னால் முடியவில்லை, அதைத் தெரிந்துகொண்டுதான் அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் சொன்ன போனையே வாங்கினார்கள். பெண் சிதம்பரத்தில் படிக்கிறாள், போன் நன்றாக இருக்கிறதாம். இதை அந்தப் பெண்ணேதான் எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்கா சொல்லவில்லை.