சனிக்கிழமை ஒட்டிய படகு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் என் வேலை காற்றடிக்கிற றப்பர் படகு ஒட்டுவது. அளவெட்டியில் புகையிலைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவனுக்குப் படகு எதற்கு என்று ஊரார் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். அரிசிக்குச் சனம் அலைந்த நேரம் அது. பலாலிப் பக்கத்து விமானத் திடலில் வேலை செய்தவர்களுக்கு அரிசி கிடைத்தது. வீட்டில் மனைவி பிள்ளைத்தாச்சி. அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வழியே இருக்கவில்லை.

விமானம் கடலில் விழுந்தால் ஓட்டுகிறவன் ஏறித் தப்புவதற்கான ஒற்றை ஆள் படகு அது. பழுதான படகுகளைப் பிரித்து, தேறுகிற றப்பர்த் துணியை வெட்டிப் புதிதாக ஒட்டுவோம். நேர்த் துணியை வளைத்தால் உள்பக்கம் சுருங்கிவிடும். அதனால் தகர அச்சு வைத்து, பூசணிக் கீற்று மாதிரி வளைவாகத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். விளிம்பைக் கரடான தாளால் தேய்த்து, பெற்றோலால் துடைத்து, மூன்று தரம் பசை பூசுவோம். புறங்கையை வைத்துப் பார்த்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வரும். அப்போது ஒன்றின்மேல் ஒன்றை வைத்து உருளையால் அழுத்துவோம். பிறகு காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்போம். முழுப் படகுக்கும் ஒரே காற்றறைதான். பொருத்து ஓரிடத்தில் விட்டால் காற்றெல்லாம் போய்விடும்.

எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். ஒட்டுகிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதை நான் கடவுள் வாக்காக எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஏழரைச் சனி. சனிக்கிழமை தவறாமல் விடிய எழும்பி, நல்லெண்ணெய் உச்சி முதல் பாதம்வரை வைத்து, சீயக்காய் தேய்த்துத் தோய்ந்துவிட்டுத்தான் சைக்கிள் ஏறுவேன். எண்ணெய் வைத்து முழுகியவனைவிடச் சுத்தமானவன் உலகத்தில் யார்? அந்தக் கொட்டகையிலேயே என் கைதான் சுத்தமான கை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, பக்கத்து மேசைக்காரன் ஒட்டிய பொருத்து வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. துரை அவன் கையை மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய். எண்ணெய் பட்ட இடத்தில் பசை முதலில் பிடித்தமாதிரி இருக்கும், வெயில் பட்டதும் கழலும் என்றார். எதிரிக்கு வேலை செய்கிறாயா என்று கேட்டு, அவனை அந்த நேரமே வெளியே அனுப்பினார். நான் குனிந்த தலை நிமிரவில்லை. என் சனிக்கிழமைப் படகு சுவரோரம் சாத்தியிருந்தது.

துரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒரு படகைத் தெரிந்தெடுத்துக் காங்கேசன்துறைக் கடலில் விடுவார். ஒட்டியவனே அதற்குள் இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை அவர் தொட்டது என் படகைத்தான். எனக்கு நீச்சல் தெரியாது. உண்மையைச் சொன்னால் அரிசி போகும், அதோடு எதிரியின் ஆள் என்ற பெயரும் வரும். வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

கால் நீட்ட இடமில்லை, திரும்ப இடமில்லை. சுற்றிவர றப்பர் சுவர், மேலே வெயில். குருநகர்க்காரன் ஒருவன், கடற்கரையில் பிறந்து வளர்ந்து எங்களோடு வேலை செய்தவன், பக்கத்தில் வள்ளத்தில் இருந்தபடி என் படகின் கயிற்றைப் பிடித்திருந்தான். துரை கடலுக்குள் நீண்டிருந்த இறங்குபாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலத்தில் வலது தொடைப் பக்கத்துப் பொருத்தில் சின்னக் குமிழிகள் கிளம்பின. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். நின்றது. எடுத்தால் திரும்ப வந்தது. பிறகு கையை எடுக்கவேயில்லை. கை மரத்து, தோள் வலித்து, தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன்.

"ஐசே, ஏன் கையை உங்கை வைச்சிருக்கிறீர்?" என்றான் குருநகர்க்காரன்.

"சும்மாதான்."

அவன் தண்ணீரைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். கயிற்றை இரண்டு முழம் கிட்ட இழுத்தான்.

"பயப்பிடாதையும். கயிறு என்ரை கையிலை." கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு சொன்னான்: "உதிலை பிறகு ஏறப்போறவனுக்குத்தான் கயிறு பிடிக்க ஆள் இராது."

அவன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்வது அவனுக்குச் சுகம், அவன் மீனோடு மீனாக நீந்துகிறவன்.

இரண்டு மணித்தியாலம் முடிந்தது. படகு பாலத்தடிக்கு வந்தது. நல்ல படகு, முத்திரை குத்தலாம் என்று சொல்லி, துரை என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினார். அந்தக் கையை இடது கையால் பிடித்துச் சட்டென்று ஏறியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மனைவிக்கு அரிசி, எனக்குப் பாராட்டு. ஆனால் கயிறு பிடிக்க ஆளில்லாமல் இதில் ஏறப்போகிறவன் நினைவுக்கு வந்தான். நான் என் வலது கையைப் பொருத்திலிருந்து எடுத்தேன்.

குமிழி இல்லை இந்த முறை, சீறல். ஒரு சாண் நீளத்துக்குப் பொருத்து வாய் பிளந்தது. படகு என் கீழே துவண்டு போக, நான் தண்ணீருக்குள் போனேன். உப்புத் தண்ணீர் குடித்தேன். குருநகர்க்காரன் மயிரைப் பிடித்து இழுத்து வள்ளத்தில் போட்டான். இருமி முடிந்ததும், எட்டாம் வகுப்பில் படித்த இங்கிலீசில், நல்லெண்ணெயையும் சனி முழுக்கையும் துரைக்குச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. முகம் வெளிறிப்போய் ஒன்றுதான் கேட்டார்.

"எத்தனை சனிக்கிழமை?"

அதுவரை அந்த ஒரு படகைத்தான் நான் நினைத்திருந்தேன். அதில் ஏறப்போகிற அந்த ஒருவனை மட்டும். தையில் வேலைக்குச் சேர்ந்தவன், அப்போது ஆனி. மற்றப் படகுகள் எல்லாம் கப்பல் ஏறி, விமானம் ஏறி எங்கெங்கோ போய்விட்டன. பாலத்தில் ஈரத்தோடு நின்று விரல் மடக்கினேன். இரண்டு கை விரலும் முடிந்த பிறகும் சனிக்கிழமை முடியவில்லை.