பெரியவர் சொன்ன பதில்

என் அக்கா மகள் டாக்டருக்குப் படித்தாள். கூடப் படித்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சாமியார். எதைத் தொட்டாலும் கண்ணை மூடி ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டுதான் தொடுவாள். நான் தொழிற்சங்கத்தில் தலை நரைத்தவன். எனக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்புவது உங்கள் பாடு.

உடற்கூறு வைவாவில், அதாவது நேரில் கேள்வி கேட்கும் தேர்வில், இரண்டு முறை கோட்டை விட்டாள். படிக்காமல் இல்லை. எக்ஸாமினர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது முறையும் போனால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். அக்கா அழுதாள். இவள் அழவில்லை, இன்னும் அதிகமாக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

உடம்பை அறுத்துப் படிக்கும் ஹாலில் மேஜைக்கு ஒரு பிணம். முகத்தை மட்டும் ஈரத்துணியால் மூடியிருப்பார்கள். தலைப் பாடம் வரும்வரை எடுக்கமாட்டார்கள். இவள் மேஜையில் கிடந்தவரைப் பெரியவர் என்று அழைத்தார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் இவள் மட்டும் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து படிப்பாள்.

ஒருநாள் ஒரு நரம்பின் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கண்ணை மூடி, "தெரியலையே, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். பதில் வந்தது. சரியான பெயர். கண்ணைத் திறந்தபோது முகத்துணி வாய் இருக்குமிடத்தில் உள்ளே குழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே எழுந்து சமமானது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். இவள், சாமி பதில் சொல்லிவிட்டது என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டாள். கேட்பாள், பதில் வரும். கையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று கேட்டபோது, "மேல" என்றது குரல். அறுத்துப் பார்த்தார்கள். பெரியவருக்கு அக்குள் பக்கத்திலேயே பிரிந்திருந்தது.

அறைத்தோழிக்குப் பட்டப்பெயர் கொசு. காதருகிலேயே ரீங்காரம் பாடுவாள்.

"அடியே சாமியார், எல்லாருக்கும் அது முழங்கைக்குக் கீழதான்டி பிரியும். நூத்துல ஒரு சிலருக்குத்தான் இப்படி இருக்கும். இவர் ஒருத்தரை வச்சு ஊர் உலகத்தையே எடை போடாத."

"புஸ்தகத்துல தப்பா எழுதியிருக்கலாம். உடம்பு பொய் சொல்லுமா?"

"உடம்பு பொய் சொல்லாது. ஆனா அதுக்கு அடுத்த உடம்பைப் பத்தி என்னடி தெரியும்?"

இவள் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு உடம்பை மனப்பாடம் செய்துவிட்டு மனுஷனையே படித்துவிட்டதாக நினைப்பது டாக்டர் பிள்ளைகளுக்கே உரிய தப்பு.

வைவா அன்று அவளை வேறு மேஜைக்கு அனுப்பினார்கள். அதில் கிடந்தது ஒரு பெண். முகத்தில் ஈரத்துணி. அறுத்த கையின் தோலைத் திரும்ப இழுத்து மூடியிருந்தார்கள்.

எக்ஸாமினர் அந்தக் கையைக் காட்டினார். "பெரிய ரத்தக்குழாய் எங்க பிரியுது? முதல்ல சொல்லு, அப்புறம் தோலைத் தூக்கிக் காட்டு."

"பார்த்துட்டுச் சொல்லலாமா சார்?"

"படிச்சுட்டு வந்தியா, வேடிக்கை பார்க்க வந்தியா?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினாள்.

"மேல" என்றது குரல்.

பெண்ணின் குரல் இல்லை. பெரியவர் மேஜையில் கேட்ட அதே குரல், இந்தத் துணிக்கு அடியிலிருந்து வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கே பேசியது பெரியவர் என்றால், இங்கே பேசுவது யார்?

கேட்டால் பதில் சொல்ல அது இருக்கிறது. கேட்காவிட்டால் அவளுக்கு அவளைத் தவிர யாரும் இல்லை.

"முழங்கைக்குக் கீழ, சார்."

தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்ததாம். துணி படக்கென்று உள்ளே குழிந்தது, கோபத்தில் ஒருவன் மூச்சை இழுத்த மாதிரி. எக்ஸாமினரின் பேனா நின்றது. அவரும் துணியைத்தான் பார்த்தார். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், காட்டு" என்றார்.

தோலைத் தூக்கினாள். குழாய் அக்குளிலிருந்து முழங்கைவரை ஒரே கோடாக வந்து, அதற்குக் கீழேதான் பிரிந்தது.

பாஸ். கொசு அவளைத் தூக்கிச் சுற்றினாள். அக்கா மறுபடி அழுதாள், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

இப்போது அவள் வார்டில் வேலை பார்க்கிறாள். வேண்டிக்கொள்வதை விடவில்லை. தைரியம் கொடு என்று கேட்பாளாம், பதிலைக் கேட்பதில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, அது உன் சாமிதானே?"

"இல்ல மாமா. சாமி எனக்குத் தப்பான பதிலைச் சொல்லிக்கொடுக்காது."

"அப்ப உன் மனசுதான். தனியா உட்கார்ந்து பயந்துபோயிருக்க. அவ்வளவுதான். அதான் அன்னிக்கோட தொலைஞ்சுதே, விடு!"

அவள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்காமல், என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க மாமா."