வரையாட்டுத் தடம்

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர நான் போடியிலிருந்து மலையேறியபோது, வழித்துணையாக வந்தவர் ஒரு பொதிமாட்டுக்காரர். சுள்ளி போன்ற உடம்பு. மடி நிறையக் கூழாங்கற்கள். பனிமூட்டம் இறங்கினால் மாட்டை நிறுத்திவிட்டு, முன்னால் ஒரு கல்லை எறிந்து காது கொடுப்பார். அது விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த அடி வைப்பார்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மூட்டத்தில் பாதையைத் தவற விட்டோம். புல்லில் புதிதாக ஒரு தடம் தெரிந்தது.

"இதுலயே போயிரலாம்ணே."

"அசையாதப்பா. வரையாட்டுத் தடம் அது, மனுசன் போற பாதையில்ல."

கல்லை எறிந்தார். சத்தமே வரவில்லை.

மூட்டம் கொஞ்சம் விலகியது. எதிரே தடம் அறுந்து, செங்குத்தாகப் பாறை இறங்கியது. விளிம்பில் நின்ற ஒரு வரையாட்டுக் குட்டி எங்களைக் கண்டு மிரண்டு அந்தப் பள்ளத்தில் குதித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"செத்துப்போச்சாண்ணே?"

"அந்தா, கீழ பாறையில ஒட்டிக்கிட்டு நிக்கிது பாரு. அதுக்குக் குளம்படி மெத்துன்னு இருக்கும், பாறைய அப்படியே கவ்விக்கிரும். நமக்கு என்ன இருக்கு?"

மாட்டுக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, விளிம்பைப் பார்க்காமலே பின்னால் நகர்ந்தார்.

"இம்புட்டு வருசமா ஏறி எறங்குறீங்க, இன்னுமா பயம்?"

"எங்கூட ஒருத்தன் பொதி ஓட்டிக்கிட்டு வருவான். ஒரு நா, ஆடு போன வழிதானேன்னு முன்னால போனான். விழுந்த சத்தங்கூடக் கேக்கல."

மூட்டம் முழுதும் கலைந்து, பாதை வெயிலில் பளிச்சென்று தெரிந்த பிறகும் அவர் கல் எறிவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.